தொடங்கிய பழக்கம் நின்றுபோகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைத் தேடும் வழி

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்குப் பிறகும் யாராவது நடக்கத் தொடங்குவார்கள். மாசி முடிவதற்குள் அது நின்றுவிடும். புதுத் தண்ணீர்ப் போத்தல் கந்தோர் மேசையில் நிரம்பியபடியே இருக்கும். சீனியைக் குறைத்தவர் சித்திரை வருஷத்தோடு பழையபடி மூன்று கரண்டிக்குத் திரும்பிவிடுவார். வீட்டிலும் அயலிலும் கந்தோரிலும் பலருக்கு இதே சிக்கலை அவிழ்த்துக் கொடுத்ததில் ஒன்று நன்றாகத் தெரிந்துவிட்டது. எல்லோரும் முதலில் சொல்வது "எனக்கு மனவுறுதி இல்லை" என்பதுதான். தோண்டிப் பார்த்தால் அங்கே இருப்பது சப்பாத்து, நேரம், கழிப்பறை, தேத்தண்ணி, இல்லாவிட்டால் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு வருத்தம்.

உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் மேலே இருக்கும், செலவானது கீழே இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். நான் வைத்தியர் இல்லை. வைத்தியரிடம் போக வேண்டிய கட்டத்தை ஒவ்வொரு இடத்திலும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டம் வந்த பிறகு வீட்டில் எதையும் முயன்றுகொண்டிருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முதல் இது: நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சை அமுக்குவது போல நோ வந்தால், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "வாயுவாக இருக்கும்" என்று இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடித்து நேரத்தை விடாதீர்கள்.

## அறிகுறி: நடக்கத் தொடங்கினால் ஒரு கிழமைக்கு மேல் நீடிப்பதில்லை

முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த நாளில் நின்றது, அன்று என்ன நடந்தது? பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

### மழை வந்து நின்றது

கொழும்பில் இதுதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை இடியோடு வரும். வைகாசியிலிருந்து தென்மேல் பருவக்காற்று, மரைன் டிரைவில் குடை பிடித்தும் நிற்க முடியாது. பின்னேர நடைக்காரர் ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் விடிய நடைக்கு மாறிவிடுங்கள். அந்தக் காலத்தில் காலைகள் பெரும்பாலும் வெளித்திருக்கும்.

விடியவும் மழை என்றால் தொடர்மாடியின் நடைபாதையும் படிக்கட்டும் இருக்கின்றன. லிப்டை விட்டுப் படியில் ஏறி இறங்கும் பத்து நிமிடம் கணக்கில் சேரும். முன்பு ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கிழமைக்கு 150 நிமிடம் சேர வேண்டும், எப்படித் துண்டாகச் சேர்ந்தாலும் சரி. முழங்கால் நோ உள்ளவர்கள் படியை விட்டு நடைபாதையிலேயே நடக்கலாம்.

### நேரம் கிடைக்காமல் நின்றது

ஐந்து மணிக்கு எழும்பி சுதந்திர சதுக்கத்துக்கு ஓட்டோவில் போய் நடப்பது என்று திட்டம் போட்டவர்கள்தான் முதலில் நிற்கிறார்கள். அங்கே நடப்பது அருமையான விஷயம், சனி ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட நடை வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே போகும் வழியில் இருக்க வேண்டும்: காலி வீதி பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் முன்னே இறங்குவது, பிள்ளையை ரியூஷனில் விட்டுவிட்டு அது முடியும் வரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடப்பது. காத்திருந்து போனைப் பார்க்கும் அந்த நேரம் நடைக்குப் போதும்.

### கால் நொந்து நின்றது

இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. பாட்டா செருப்போடு நடந்திருப்பார்கள், அல்லது அலுமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த சப்பாத்தைப் போட்டிருப்பார்கள். இந்தப் புழுக்கத்தில் போடாமல் கிடக்கும் சப்பாத்தின் அடிப்பாகம் இறுகும், பசை விடும். வெளியே புதிதாகத்தான் தெரியும்.

இப்படிச் சோதியுங்கள். விடிய கட்டிலால் இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிக்கால் குத்துகிறதா, நாலடி நடந்ததும் குறைகிறதா? அப்படியென்றால் பாதத்தின் அடியில் உள்ள தசைநார் இழுபட்டிருக்கக்கூடும். டைல்ஸ் நிலத்தில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தி, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். சுவரில் கை ஊன்றி, கெண்டைக்காலை இழுத்து அரை நிமிடம் பிடித்து விடுவதை நாளுக்கு மூன்று தரம் செய்யுங்கள். நடையைப் பாதியாக்குங்கள், முழுக்க விட வேண்டாம். ஆறு கிழமையாகியும் குறையாவிட்டால் வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஆறு கிழமையைப் பார்க்கக் கூடாது. காலில் ஒரு கொப்புளம், ஒரு வெடிப்பு, விரலிடுக்கில் ஒரு புண் என்றாலும் அன்றே காட்ட வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் நோகாது, நோகாததால் கவனிக்க மாட்டோம். நடந்து வந்ததும் கதிரையில் இருந்து உள்ளங்காலைப் பார்ப்பதையும் நடையின் ஒரு பகுதியாக்குங்கள். குனியக் கஷ்டம் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் உள்ளவர்கள் பார்க்கலாம்.

### நடுக்கம் எடுத்து நின்றது

சீனிக் குளிசை எடுப்பவர் அல்லது இன்சுலின் போடுபவர் வெறுவயிற்றில் நடந்து, வியர்த்து, கை நடுங்கினால் அது சீனி இறங்கியதால் இருக்கலாம். பையில் எப்போதும் இனிப்போ குளுக்கோசோ இருக்கட்டும். ஒருமுறை வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை இருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசையின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். அதை நீங்களாக மாற்றாதீர்கள்.

### காய்ச்சல் வந்து நின்றது

காய்ச்சலோடு நடக்கவே வேண்டாம். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்கு இல்லை என்று தெரியும்வரை டெங்கு என்றே எண்ண வேண்டும். பரசிட்டமோல் தவிர இபுபுரோஃபன் போன்ற நோக்குளிசைகளைத் தொடாதீர்கள். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். டெங்கு வந்து எழும்பியவர்களுக்குக் களைப்பு சில கிழமைகள் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

## அறிகுறி: எவ்வளவு படுத்தாலும் விடிய எழும்ப முடியவில்லை

மலிவான காரணம் தேத்தண்ணி. நாலு மணிக்குப் பிறகு குடித்த தேத்தண்ணியின் கஃபீனில் பாதியளவு படுக்கப் போகும் நேரத்திலும் உடம்பில் இருக்கக்கூடும். பின்னேரம் கடைசிக் கோப்பையை நாலு மணிக்கு முன்னே முடித்து ஒரு கிழமை பாருங்கள். அடுத்தது போன். சார்ஜரைக் கட்டில் பக்கத்திலிருந்து ஹோலுக்கு மாற்றுவதுதான் நான் பார்த்ததில் உண்மையாக வேலை செய்த ஒரே வழி. தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு "பார்க்க மாட்டேன்" என்று சபதம் எடுத்தவர்களில் தாக்குப்பிடித்தவர் குறைவு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் சாமத்தில் அழைப்பு வரும் என்று போனைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். அவர்களோடு பேசி ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

பிறகு வெக்கை. மேல்மாடியில் பகல் முழுக்கச் சூடேறிய அறையில் நித்திரை கலைந்துகொண்டே இருக்கும். படுக்க முன் குளிப்பது, மேற்குப் பக்க யன்னலுக்குப் பகலில் திரை போடுவது, கட்டிலை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவது. இவற்றைச் செய்து பார்த்த பிறகு ஏசி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றும் சரி, ஏழு மணித்தியாலம் படுக்கிறேன், இன்னும் களைப்பு என்றால் அது சோம்பல் இல்லை. இங்கேதான் பலர், முக்கியமாகப் பெண்கள், தங்களைத் தாங்களே ஏசிக்கொண்டு வருஷக்கணக்காக இழுக்கிறார்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்களுக்கு இரத்தச்சோகை இருக்கலாம். தைரொயிட் குறைந்திருக்கலாம். சீனி ஏறியிருக்கலாம். முழு இரத்தப் பரிசோதனை, ரிஎஸ்எச் (தைரொயிட் சோதனை), வெறுவயிற்றுச் சீனி இந்த மூன்றையும் வைத்தியரிடம் கேளுங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் சீனி, பிரஷர், நிறை இலவசமாகப் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக்கு எது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம். இரும்புச்சத்துக் குளிசை தந்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடாவிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

பக்கத்தில் படுப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி எழும்புகிறேனா? ஆம் என்றால் வீட்டுக் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். நேரே வைத்தியரிடம் போங்கள். அப்படிப்பட்டவர் வாகனம் ஓட்டுகிறார் என்றால் இன்னும் அவசரம்.

## அறிகுறி: தண்ணீர் குடிக்க முடிவதில்லை

"மறந்துபோகிறேன்" என்று சொல்வார்கள். போனில் மணி அடிக்க வைத்தும் குடிக்கவில்லை என்றால் மறதி காரணமாக இருக்காது. என் அனுபவத்தில் பெண்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "வீட்டை விட்டு வெளிக்கிட்டால் எங்கே ஒதுங்குவீர்கள்?"

வத்தளையிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு வழியில் நம்பிப் போக ஒரு கழிப்பறை இல்லை. கந்தோரில் இருப்பதும் பூட்டு உடைந்தது அல்லது தண்ணீர் வராதது. புறக்கோட்டைக் கடைகளில் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் குடிக்காமல் இருப்பது தெரிந்து எடுத்த முடிவு. போத்தல் வாங்கிக் கொடுத்து அதை மாற்ற முடியாது.

செய்யக்கூடியவை: வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முன்னே இரண்டு கிளாஸ் குடித்து, வீட்டிலேயே போய்விட்டு வெளிக்கிடுங்கள். கந்தோருக்கு வந்ததும் அடுத்த பங்கைக் குடியுங்கள், வீடு திரும்ப ஒரு மணித்தியாலம் முன்னே நிறுத்துங்கள். வழியில் உள்ள பெரிய கடைத்தொகுதி, கோயில், தெரிந்த வீடு என்று இரண்டு இடத்தை மனதில் குறித்துவையுங்கள். பையில் டிஷ்யூவும் கைகழுவும் திரவமும் இருக்கட்டும். கந்தோர்க் கழிப்பறைக்குப் பூட்டுப் போடச் சொல்லி இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒரு பூட்டு பல பேரைத் தண்ணீர் குடிக்க வைக்கும்.

போதுமான அளவு குடிக்கிறீர்களா என்பதற்குச் சிறுநீரின் நிறமே சோதனை. வெளிர் மஞ்சள் நல்லது, தேத்தண்ணிச் சாயம் போல இருந்தால் போதாது. விற்றமின் பி குளிசை எடுப்பவர்களுக்கு நிறம் கடும் மஞ்சளாக வரும், அதை வைத்துக் கணிக்க வேண்டாம். இதயம் அல்லது சிறுநீரக வருத்தத்துக்கு வைத்தியர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான் உங்களுக்கு.

எரிவு, அடிக்கடி போகத் தோன்றுவது, இரத்தம், காய்ச்சலோடு முதுகுப்புற நோ இவற்றில் எது வந்தாலும் அன்றே வைத்தியர். தண்ணீர் குடித்தபடியே இருந்தும் தாகம் அடங்கவில்லை, சாமத்தில் பலமுறை எழும்ப வேண்டியிருக்கிறது என்றால் சீனியைச் சோதியுங்கள்.

## அறிகுறி: குளித்தாலும் கடி நிற்பதில்லை

இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழ். வியர்வையும் ஈரமும் தங்கும் இடங்கள். முதலில் பார்க்க வேண்டியது துவாய். வீட்டில் எத்தனை பேர் ஒரே துவாயைப் பாவிக்கிறார்கள், அது எங்கே காய்கிறது? மழைக்காலத்தில் குளியலறைக் கதவில் தொங்கும் துவாய் அடுத்த நாளும் ஈரமாகவே இருக்கும். ஆளுக்கொன்று, காற்றுப் படும் இடத்தில் அல்லது ஃபானின் கீழ். குளித்ததும் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, கால் விரலிடுக்கு வரை உலர்ந்த பிறகு உடுப்புப் போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையைப் போடாதீர்கள். இதற்கு முன்னே விலையான சவர்க்காரம் வாங்குவது வீண்.

வட்டமாக, ஓரம் சிவந்து தடித்து, நடு வெளிறி இருந்தால் அது படர்தாமரை, பூஞ்சணத்தால் வருவது. இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள், இதில் கெட்டுப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாமசியில் "கடிக்கு ஒரு கிரீம்" என்று கேட்டால் சில இடங்களில் ஸ்டீரொயிட் கலந்த கிரீமைக் கொடுத்துவிடுவார்கள். பூசிய இரண்டாம் நாளே கடி அடங்கும், சிவப்பு மறையும். சுகமாகிவிட்டது என்று விடுவீர்கள். பூஞ்சணம் சாகவில்லை. கொஞ்ச நாளில் முன்னையதைவிடப் பெரிதாகப் பரவி வரும், திரும்பப் பூசினால் திரும்ப அடங்கும். இப்படியே மாதங்கள் போகும், தோலும் மெலியும்.

வீட்டில் பழைய ரியூப் இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். குளொபெற்றசோல், பெற்றாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் பெயர் இருந்தால் படர்தாமரைக்குப் பூசாதீர்கள். பூஞ்சணத்தைக் கொல்லும் குளொட்றிமசோல் மட்டும் உள்ள கிரீமைக் கேட்டு வாங்கி, வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை பூசுங்கள். மறைந்த பிறகும் இரண்டு கிழமை தொடருங்கள். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்ய வேண்டும்.

முகத்திலோ தலையிலோ வந்தால், பரந்துவிட்டால், ஏற்கெனவே ஸ்டீரொயிட் பூசியிருந்தால், நீரிழிவு இருந்தால் நேரே தோல் வைத்தியர். ரியூப்பையும் கொண்டுபோங்கள். சாமத்தில் கடி கூடி, விரலிடுக்கில் சிறு பருக்கள், வீட்டில் எல்லோருக்கும் கடி என்றால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து.

## அறிகுறி: சாப்பாட்டைச் சரிப்படுத்தினாலும் நிறையோ சீனியோ இறங்கவில்லை

சோற்றைக் குறைத்திருப்பீர்கள். தேத்தண்ணியை எண்ணியிருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் பத்துக் கரண்டி, 40 கிராமுக்கு மேல். வளர்ந்தவருக்கு ஒரு நாள் முழுக்க 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளேன்டீயோடு பனங்கட்டி கடித்தாலும் அதுவும் இந்தக் கணக்கில்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தியவர்கள் திரும்பிவிடுகிறார்கள், அரைக் கரண்டிக்காரர்கள் நிலைக்கிறார்கள்.

மென்பானப் போத்தலில் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி.

அடுத்தது நாலு மணி ரோல்ஸ், பற்றீஸ். அந்தப் பசிக்குக் காரணம் பெரும்பாலும் விடியச் சாப்பிடாதது. காலையில் இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் கடலை போன பிறகு நாலு மணிக்கு என்ன நடக்கிறது என்று ஒரு கிழமை பாருங்கள். முயற்சி எதுவும் இல்லாமல் நிறை இறங்கிக்கொண்டு போனால் சந்தோஷப்படாதீர்கள், வைத்தியரிடம் போங்கள்.

## அறிகுறி: இரவில் பல் தீட்டுவது தவறிப்போகிறது

படுக்கப் போகும்போது தீட்டலாம் என்று வைத்திருப்பதுதான் காரணம். அந்த நேரத்தில் கண் சொருகிவிடும். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் கையோடு தீட்டிவிடுங்கள். முரசில் இரத்தம் வந்தால் பலர் பயந்து அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் தீட்டுங்கள். இரண்டு கிழமையில் நிற்காவிட்டால் பல் வைத்தியர். வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்: வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், வாயை முழுக்கத் திறக்க முடியாமை. இவற்றில் ஒன்றிருந்தாலும் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருக்கிறது. முதலிலேயே பிடித்தால் சுகப்படுத்தலாம்.

## அறிகுறி: எல்லாம் நன்றாகப் போய், ஒரேயடியாக அறுந்துவிட்டது

கலியாணம், ஆடிவேல், யாழ்ப்பாணப் பயணம், கனடாவிலிருந்து சொந்தக்காரர் வருகை. பத்து நாள் எதுவும் நடக்கவில்லை. இது பழுது இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்க 18 முதல் 254 நாள் வரை எடுத்தது, நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகக் கெடுக்கவில்லை. ஆகவே இருபத்தொரு நாளில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னதை நம்பி மனம் உடைய வேண்டாம். ஒரே ஒரு பழக்கத்தை, பாதி அளவில், நாளைக்கே தொடங்குங்கள். மற்றவை ஒரு கிழமை பொறுக்கட்டும்.

வேறொரு கிளையும் உண்டு. விழா எதுவும் இல்லை, விருந்தினர் இல்லை, ஆனால் குளிப்பதே மலையாகத் தெரிகிறது. பிடித்த சாப்பாடும் பிடிக்கவில்லை. விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்து நித்திரை திரும்புவதில்லை. இரண்டு கிழமைக்கு மேல் அப்படி இருந்தால் பழக்கத்தைச் சரிசெய்யும் வேலையை நிறுத்திவையுங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. குடும்ப வைத்தியரிடம் தொடங்கலாம், தேசிய வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கும் போகலாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். உயிரை விடும் எண்ணம் வந்தால் விடியும்வரை பொறுக்காமல் அந்த நேரமே அழையுங்கள், பக்கத்தில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் "எழும்பிக் குளி" என்று சொல்வதை நிறுத்துங்கள். "அக்கா, நாளைக்கு நானும் வாறன், ரெண்டு பேருமாப் போய் டொக்டரைப் பாப்பம்" என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமையாக எடுக்கும் குளிசைகளையும் பழைய கிளினிக் கொப்பியையும் இரவே ஒரு பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.